மூன்றாம் சிலிண்டர்: காற்றுக் குளிர்விப்பு எஞ்சினின் வரலாற்றில் சில விடுபடல்கள்

1

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ரேஸ் எஞ்சின் கட்டுவது பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது? பணக்காரன் வீட்டுப் பொம்மை, வாங்கறவன் யாரு, ஓட்டறவன் யாரு, நமக்கென்ன வந்தது என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பொம்மையைச் சுற்றி எழுதப்பட்டிருப்பவற்றை வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று பட்டது. தொழில்நுட்ப வரலாறு என்னும் சொல்லாடல் எப்படிக் கட்டப்படுகிறது, அதில் யார் பெயர் பொறிக்கப்படுகிறது, யார் பெயர் அரத்தால் ராவி எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நான் சொல்வது போர்ஷே கார்களின் காற்றுக் குளிர்விப்பு எஞ்சின்களையும் அவற்றின் மூலமான ஃபோக்ஸ்வாகன் 'வண்டு' காரின் எஞ்சினையும். இவற்றைப் பற்றி மூன்று வகை எழுத்துகள் உண்டு. முதலாவது, வம்சாவளி எழுத்து: தாத்தா ஃபெர்டினாண்ட் போர்ஷே, மகன் ஃபெர்ரி, பேரன் ஃபெர்டினாண்ட் பியெக் என்று ஒரு குடும்பத்தின் இரத்தத்திலேயே எஞ்சின் ஓடுவதாகச் சொல்லும் பெருங்கதை. இரண்டாவது, ஏலக்கடை எழுத்து: எந்த வண்டி, எந்த எண், எத்தனை கைமாறியது, என்ன விலை. மூன்றாவது, யாரும் வரலாறு என்று எண்ணிப் பார்க்காத பட்டறை எழுத்து: எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் எழுதி வைத்த அளவுகள், பழுதுகள், எச்சரிக்கைகள். முதல் இரண்டு எழுத்துகளும் மறைப்பதை மூன்றாவது அடிக்கடி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த மூன்றாவதன் முறையை முதல் இரண்டின் மீது பிரயோகித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

முதலில் எஞ்சின். காற்றுக் குளிர்விப்பு நமக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் 1955இலிருந்து புல்லட் தயாரானது. அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடுகளைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது. அந்தத் தகடுகள் வெப்பத்தை வாங்கி, வண்டி ஓடும்போது எதிர்வரும் காற்றுக்குக் கொடுக்கின்றன. பஜாஜ் ஸ்கூட்டரில் எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருப்பதால் எதிர்க்காற்று படாது. ஆகவே ஒரு விசிறி வைத்து, கூண்டு கட்டி, காற்றை சிலிண்டர் மேல் தள்ளுகிறார்கள். வண்டு காரும் போர்ஷே 911உம் இந்த இரண்டாம் வகை. எஞ்சின் பின்புறம், அதன் மேல் விசிறி, தகரக் கூண்டு, அவ்வளவுதான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, குழாய் இல்லை. பாலைவனத்தில் கொதிக்காது, பனியில் உறையாது.

ஆனால் தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று ஏழை. அது சுமந்து செல்லக்கூடிய வெப்பம் மிகக் குறைவு. ஆகவே இந்த எஞ்சின்களில் எண்ணெயும் குளிர்விக்கிற வேலையில் ஒரு பங்குச் சுமையைத் தூக்குகிறது. எண்ணெயைக் குளிரவைக்கத் தனியாக ஒரு குளிர்விப்பான் வேண்டும். வண்டு காரில் அதை விசிறிக் கூண்டுக்குள்ளேயே நிறுத்தினார்கள். அங்கேதான் வந்தது வினை. விசிறியிலிருந்து வரும் காற்று எண்ணெய்க் குளிர்விப்பானைக் கடந்து, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, பிறகுதான் மூன்றாம் சிலிண்டரை அடைந்தது. நான்கு சிலிண்டர்களில் மூன்றாவதற்கு எப்போதும் அடுத்தவன் சுட்ட காற்று, அதுவும் குறைவாக. முதலில் கருகுவதும் அதன் வால்வுதான் என்று வண்டு மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதற்குத் தொழிற்சாலை கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. பல ஆண்டுகள் தயாரான டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியை ஓரிரு டிகிரி தாமதப்படுத்தினார்கள். அதாவது, அதற்குக் காற்று கொடுக்கவில்லை. அதன் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். குளிர்விப்பானைக் கூண்டுக்கு வெளியே தனிப் பெட்டியில் நகர்த்தியது 1971ஆம் ஆண்டு மாடலில்தான். புல்லட் பிரித்துப் பூட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "காத்து வராதவனைப் பாத்து, நீ மெதுவா வேலை செய்டான்னு சொல்றான். அதுக்குப் பேரு ரிப்பேரா சார்?" என்றார்.

இந்த எஞ்சினில் குதிரைத்திறனைக் கூட்ட நினைக்கும் ரேஸ் பட்டறைக்காரர்கள் முதல் வேலையாகத் தொடுவதும் இந்த இடத்தைத்தான். சக்தியைக் கூட்டினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் ஏற்கெனவே காற்றில்லாதவன்தான் முதலில் சாவான். சராசரி வெப்பம் என்பது இங்கே பொய்யான எண். நான்கு சிலிண்டரின் சராசரி நன்றாக இருக்கும்போதே மூன்றாவது உருகிக்கொண்டிருக்கும். வரலாற்றிலும் சராசரி அப்படியே பொய் சொல்கிறது.

3

இனி வம்சாவளி. 'வண்டு' காரும் அதன் எஞ்சினும் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்னும் மேதையின் மூளையில் முழுசாக உதித்ததாக வெகுகாலம் எழுதப்பட்டது. உண்மையில் அந்தக் கிடைமட்ட நான்கு சிலிண்டர் எஞ்சினை வரைந்து முடித்தவர் அவர் அலுவலகத்தில் வேலை செய்த ஃபிரான்ஸ் சேவர் ரைம்ஷ்பீஸ். முதலாளி பெயர் காரின் மேல் நிற்கிறது. வரைந்தவன் பெயர் பொறியியல் ஆர்வலர்களின் நினைவில் மட்டும். இது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்த மூன்று பெயர்களை அப்படி விட்டுவிட முடியாது.

ஹன்ஸ் லெட்விங்கா, செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனப் பொறியாளர். 1923இல் அவர் வடிவமைத்த டாட்ரா 11 காற்றுக் குளிர்விப்பு எஞ்சினோடு வந்தது. 1930களின் நடுவில் வந்த டாட்ரா 97இல் பின்புறம் வைத்த, காற்றால் குளிரும், கிடைமட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். பக்கவாட்டில் நின்று பார்த்தால் உடலமைப்புகூட வண்டின் அண்ணன்போலத்தான் இருக்கும். டாட்ரா நிறுவனம் காப்புரிமை மீறல் என்று வழக்காடப் போனது. 1938-39இல் ஜெர்மன் படை செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தது. வழக்கு அதோடு செத்தது. டாட்ரா 97இன் தயாரிப்பும் நின்றது. போருக்குப் பின் 1960களில்தான் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. யார் யாரிடம் கற்றார் என்ற கேள்விக்குத் துப்பாக்கி பதில் சொன்ன பிறகு, பொறியியல் வரலாறு அதைச் 'சமகாலச் சிந்தனைப் போக்கு' என்று நாசூக்காகக் குறித்துவைத்தது.

யோசஃப் கான்ட்ஸ், புடாபெஸ்டில் பிறந்த யூதர். 'மோட்டார் கிரிட்டிக்' என்னும் பத்திரிகையின் ஆசிரியர். பெரிய நிறுவனங்களின் கனத்த கார்களைக் கிழித்தெழுதி, சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய இலகுவான சிறு கார் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். தானே மாதிரிகளைக் கட்டிக் காட்டியவர். 1933இல் கெஸ்டபோ அவரைக் கைதுசெய்தது. பிறகு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். பத்திரிகைக்காரன் ஒருவனின் விமர்சனம் ஒரு காரின் கருவாக இருந்ததை நம்மைப் போன்ற வாசகர்களாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடோல்ஃப் ரோசன்பெர்கர், யூதர், ரேஸ் ஓட்டி. 1931இல் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே வடிவமைப்பு அலுவலகம் தொடங்கியபோது பத்து சதவீதப் பங்குதாரர். பணம் போட்டவர், வணிகப் பொறுப்பைப் பார்த்தவர். 1935இல் அவருடைய பங்கு முகமதிப்புக்கே வாங்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 'இனக் களங்கம்' என்ற குற்றச்சாட்டில் கைதாகிக் கிஸ்லவ் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் பிரான்ஸ், அங்கிருந்து அமெரிக்கா. அங்கே பெயரையும் ஆலன் ராபர்ட் என்று மாற்றிக்கொண்டார். போருக்குப் பின் வழக்குப் போட்டார். 1950இல் 50,000 மார்க்கும் ஒரு காரும் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். வம்சாவளி எழுத்தில் அவர் நெடுங்காலம் ஒரு அடிக்குறிப்பாகக்கூட இல்லை. கடந்த சில ஆண்டுகளில்தான், உறவினர்களும் பத்திரிகையாளர்களும் விடாமல் கேட்டதன்பேரில், அந்தப் பெயர் மறுபடி உச்சரிக்கப்படுகிறது.

இந்த மூவரும் இறந்தது ஒரே ஆண்டில் — 1967. லெட்விங்கா மூனிக்கில், கான்ட்ஸ் ஆஸ்திரேலியாவில், ரோசன்பெர்கர் கலிஃபோர்னியாவில். அதே 1967இல்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் 911-ஆர் என்னும் இலகு ரேஸ் கார் வந்தது. இரண்டுக்கும் காரண காரிய உறவு கிடையாது. ஆனால் ஏலப் பட்டியல்கள் 1967 என்றால் ஒன்றை மட்டும்தான் சொல்கின்றன.

4

சரி, வடிவமைத்தவர்கள் கதை இது. தொழிற்சாலையின் கதை இன்னும் மோசம்.

1933 மே 2 அன்று நாஜிகள் ஜெர்மனி முழுவதும் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். தலைவர்கள் கைதானார்கள், சங்கங்களின் கட்டடங்களும் நிதியும் பறிக்கப்பட்டு 'ஜெர்மன் உழைப்பு முன்னணி' என்னும் அரசு அமைப்பின் கைக்குப் போயின. முதல் நாள்தான் மே தினத்தை அரசு விழாவாகக் கொண்டாடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிறகு அந்த உழைப்பு முன்னணிதான் 'மக்கள் கார்' தொழிற்சாலையைக் கட்டியது. சங்கச் சொத்துகளை விற்ற பணமும் அதற்குள் போனது. 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லெபன் அருகே ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். தொழிலாளி சந்தா சந்தாவாகச் சேர்த்த காசில், தொழிலாளியின் சங்கத்தைக் கொன்று எழுந்த ஆலை அது. செத்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது என்று மார்க்ஸ் மூலதனத்தைப் பற்றி உருவகமாகச் சொன்னார். இங்கே உருவகமே தேவைப்படவில்லை.

சேமிப்புத் திட்டம் ஒன்றும் இருந்தது. வாரம் 5 மார்க் கட்டி முத்திரை ஒட்டினால், 990 மார்க் விலையுள்ள கார் ஒரு நாள் கைக்கு வரும். சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். ஒருத்தருக்கும் கார் வரவில்லை. போருக்குப் பின் அவர்கள் நடத்திய வழக்கு 1961 வரை இழுத்தது. கடைசியில் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லையென்றால் 100 மார்க் ரொக்கம் என்று முடிந்தது.

மக்களுக்குப் பதிலாகப் படைக்கு வண்டி போனது. அதே காற்றுக் குளிர்விப்பு எஞ்சின் கூபெல்வாகன் என்னும் ராணுவ வண்டியில் ஏறி, வட ஆப்பிரிக்க மணலிலும் ருஷ்யப் பனியிலும் ஓடியது. சுமார் 50,000 வண்டிகள். கொதிக்காது, உறையாது என்று மேலே நான் சொன்ன அந்த நற்பண்பு யாருக்குப் பயன்பட்டது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். தொழில்நுட்பத்தின் குணங்கள் வெற்றிடத்தில் நிற்பதில்லை.

அந்த வண்டிகளைச் செய்தவர்கள் யார்? போர்க்காலத்தில் சுமார் 20,000 பேர் அந்த ஆலையில் கட்டாய உழைப்புக்கு ஆளானார்கள். போலந்துக்காரர்கள், சோவியத் மக்கள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியப் போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். பிள்ளை பெற்ற போலந்து, சோவியத் தொழிலாளிப் பெண்களிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து ஒரு 'பராமரிப்பு இல்ல'த்தில் வைத்தார்கள். பின்னர் அது ரூயன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. பசியிலும் அழுக்கிலும் நோயிலும் குழந்தைகள் செத்துக்கொண்டேயிருந்தன. பொறுப்பிலிருந்த ஆலை மருத்துவர் கொர்பெல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி 1947இல் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆலையைப் போர்க்காலத்தில் நடத்தியவர்களில் முதன்மையானவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. உடன் அவருடைய மருமகன் அன்டன் பியெக்.

இதெல்லாம் முழுசாக வெளியே வர எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 1986இல் நிறுவனமே வரலாற்றாசிரியர் ஹன்ஸ் மொம்சனிடம் ஆய்வை ஒப்படைத்தது. அவரும் மன்ஃப்ரெட் கிரீகரும் எழுதிய ஆயிரம் பக்கத்துக்கும் மேலான நூல் 1996இல் வந்தது. எஞ்சின் பிறந்து அறுபது வருஷம் கழித்து.

5

ரேஸ் எஞ்சினின் கதை இந்தச் சாம்பலிலிருந்து தொடங்குகிறது. 1948, ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் பழைய மர அறுவை ஆலை. அங்கே ஃபெர்ரி போர்ஷேயின் ஆட்கள் கட்டிய முதல் 356 காரில் இருந்தது 1131 சிசி ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்தான். தட்டிக் கொட்டிச் சுமார் 35 குதிரைத்திறனாக உயர்த்தியது. 1951இல் அதே வம்ச எஞ்சின் லெ மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் 1100 சிசி பிரிவை வென்றது. கம்பெனிக்கு முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் வால்டர் குளொக்லர் என்னும் கார் வியாபாரியும் அவருடைய பொறியாளர் ஹெர்மன் ராமெலோவும் இந்த எஞ்சினை வைத்துத் தனியாக ரேஸ் கார் கட்டி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். புகழ்பெற்ற 550 ஸ்பைடரின் முன்னோடி அந்தப் பட்டறைக் கார்தான்.

550க்காக 1953இல் எர்ன்ஸ்ட் ஃபூர்மன் வடிவமைத்த எஞ்சின் ஒரு விசித்திரம். 1498 சிசி, நான்கு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், 110 குதிரைத்திறன். கேம்களைச் சுழற்ற சங்கிலி இல்லை. தண்டுகளும் சரிவுப் பற்சக்கரங்களும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையில் மெல்லிய தகடுகளை வைத்துப் பார்த்து, கழற்றி, மாற்றி வைத்துத்தான் நேரம் கூட்ட முடியும். ஒரு எஞ்சினைப் பூட்ட சுமார் 120 மணிநேரம் ஆனது என்பது பரவலாகப் பதிவான கணக்கு. எட்டு மணிநேர வேலைநாள் என்றால் ஒரு தொழிலாளிக்குப் பதினைந்து நாள். வரலாறு இதை 'ஃபூர்மன் எஞ்சின்' என்கிறது. பதினைந்து நாள் அதோடு உட்கார்ந்தவன் பெயரில் எந்த எஞ்சினும் இல்லை.

1963இல் பொதுப் பார்வைக்கு வந்த 911இன் ஆறு சிலிண்டர் எஞ்சின் 1991 சிசி, 130 குதிரைத்திறன். இதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய ஹன்ஸ் மெட்ஸ்கர் அடுத்து 917ஐச் செய்தார்: பன்னிரண்டு சிலிண்டர், நாலரை லிட்டர், மேலே படுக்கைவாட்டில் ஒரு பெரிய விசிறி. அந்த விசிறியைச் சுழற்ற மட்டும் சுமார் 17 குதிரைத்திறன் செலவானது. அதாவது க்முண்ட் காரின் பாதி எஞ்சின். 1970, 1971 இரண்டு ஆண்டும் லெ மானை வென்றது. 1973இல் டர்போ பூட்டிய 917/30 சுமார் 1100 குதிரைத்திறனைத் தொட்டது. ஆயிரத்து நூறு குதிரைகள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்!

917ஐப் பற்றி ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பந்தய விதிப்படி 25 கார்களைக் கட்டி முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பாகங்களாகக் கிடந்ததைப் பார்த்த அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1969 ஏப்ரலில் சில வாரங்களுக்குள் அத்தனையையும் பூட்டி வரிசையாக நிறுத்தினார்கள். கை போதாமல் செயலர்களும் கணக்கர்களும் பயிற்சித் தொழிலாளிகளும் ஸ்பானர் பிடித்தார்கள். கம்பெனி இன்றும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்கிறது. டைப் அடிக்கிற பெண்ணும் ரேஸ் கார் பூட்ட முடிந்தது என்பது வேடிக்கையா, அல்லது 'மேதை' என்னும் கருத்தாக்கத்தின் மரை கழன்ற இடமா என்று நாம் கேட்கலாம்.

6

இப்போது பட்டறைக்கு வருவோம். இன்று உலகெங்கும் பழைய 911களுக்கு ரேஸ் எஞ்சின் கட்டுகிற தனிப் பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் செய்வதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: முதலில் கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் பிரித்து, பேரிங் உட்காரும் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளக்கிறார்கள். இல்லையென்றால் நேராகக் கடைந்தெடுக்க வேண்டும். கிராங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தச் சோதனையில் தேடுகிறார்கள். கனெக்டிங் ராடுகளையும் பிஸ்டன்களையும் தனித்தனியே எடைபோட்டு ஒன்றுக்கொன்று சமமாக்குகிறார்கள். ஹெட்டின் எரியறையில் சொட்டுச் சொட்டாகத் திரவம் ஊற்றிக் கொள்ளளவு பார்க்கிறார்கள். அமுக்கத்தைக் கூட்ட மேடு வைத்த பிஸ்டன் போட்டால், அந்த மேடு தீப்பிழம்பின் வழியை மறிக்கும். ஆகவே இரண்டாவது ஸ்பார்க் பிளக்குக்குத் துளை போடுகிறார்கள். பிஸ்டன் தலையில் களிமண்ணை ஒட்டி, கையால் சுழற்றி, வால்வு அதில் பதித்த தடத்தை அறுத்து இடைவெளி பார்க்கிறார்கள். டயல் கேஜ் வைத்துக் கேமின் நேரம் கூட்டுகிறார்கள். கடைசியில், குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.1 மில்லிமீட்டர்.

1968இலிருந்து எடை குறைப்பதற்காகக் கிராங்க் கேஸை மக்னீசியத்தில் வார்த்தார்கள். 1970களில் கொள்ளளவை 2.7 லிட்டராகக் கூட்டியபோது அந்த மெல்லிய உலோகம் வெப்பத்தைத் தாங்கவில்லை. ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பொருத்திய சாதனம் சூட்டை மேலும் ஏற்றியது. இன்று இந்த எஞ்சினைத் தொடுகிற எவரும் முதலில் அத்தனை துளையிலும் புது உலோக மரை இறக்குகிறார்கள். பளபளப்பான விளம்பரச் சுவடியில் இல்லாத வரலாறு அந்தத் துளைகளில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரில் நிற்பது ஏலக்கடையின் 'மேட்சிங் நம்பர்' வழிபாடு. கேஸில் அடித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டு எண்ணும் ஒத்துப்போனால் அந்த எஞ்சின் 'அசல்'. உள்ளே பிஸ்டன் புதுசு, சிலிண்டர் புதுசு, ராடு புதுசு, மரைகூடப் புதுசு. எண் மட்டும் பழசு. விலை நிற்பது எண்ணின் மேல். இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழிக்கும் என்று வால்டர் பெஞ்சமின் எதிர்பார்த்தார். ஆனால் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளப்பட்ட ஒரு தொழிற்சாலைப் பொருளுக்கே சந்தை ஒரு ஒளிவட்டத்தைத் தயாரித்து மாட்டிவிட முடியும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பட்டறைக்காரனோ எண்ணை நம்புவதில்லை. புத்தம்புதுப் பெட்டியிலிருந்து எடுத்த பிஸ்டனையும் எடைபோடாமல் ஏற்றமாட்டான். 'அசல் பாகம்' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பான். பெயருக்கும் பொருளுக்கும் இடையில் எப்போதும் ஒரு இடைவெளி உண்டு, அதை அளந்தாக வேண்டும் என்பதே அவன் தொழிலின் அடிப்படை. இதைவிட நல்ல வாசிப்பு முறை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைவினைஞனைத் தெய்வமாக்குகிற ஆபத்து நமக்கும் உண்டு. கைவேலை இன்று ஒரு ஆடம்பரச் சரக்கு. மெட்ஸ்கரையே ஆலோசகராக வைத்து, நான்கு லிட்டர், 500 குதிரைத்திறன் காற்றுக் குளிர்விப்பு எஞ்சினை 2017இல் அறிவித்த கலிஃபோர்னிய நிறுவனம் சிங்கர், தன் பெயரிலேயே போர்ஷேயின் ரேஸ் பொறியாளர் நோர்பெர்ட் சிங்கரை நினைவுகூர்கிறது. பொறியாளர் பெயர் வணிகக் குறியாகிறது. கடைசலில் நிற்பவர் மறுபடியும் பெயரில்லாமல் போகிறார். ஆகவே நான் போற்றுவது பட்டறையின் முறையை மட்டும்தான்.

7

காற்றுக் குளிர்விப்பின் காலம் முடிந்துவிட்டது. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் ஹெட்டின் சூட்டைக் காற்றால் வெளியேற்றுவது பெரும்பாடு என்று கண்டு, 1978இலேயே போர்ஷே தன் ரேஸ் எஞ்சினின் ஹெட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது. புகை விதிகளும் இரைச்சல் விதிகளும் மீதியை முடித்தன. காற்றால் குளிரும் கடைசி 911 தயாரானது 1998இல். கடைசி வண்டு கார் 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து இறங்கியது.

அதன் வரிசை எண் 2,15,29,464. ஒன்றுகூட விடாமல் எண்ணியிருக்கிறார்கள். அதே வம்சத்தின் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு, கேட்டால் சான்றிதழும் கிடைக்கும். கட்டாய உழைப்பில் வதைபட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், 'சுமார்' 20,000. அந்த 'இல்ல'த்தில் செத்த குழந்தைகள் எத்தனை என்று கேட்டால், 350க்கும் மேல். வோல்ஃப்ஸ்பர்க் ஆலையின் பழைய குண்டுவீச்சுப் பதுங்கறை ஒன்றில் 1999இல் அவர்களுக்காக ஒரு நினைவிடம் திறந்தார்கள். உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு உதவ அதற்கு முந்தைய ஆண்டு ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். செய்யாமலிருப்பதைவிட மேல்தான். ஆனால் ஒரே ஆலை, ஒரே பதிவேட்டுப் பழக்கம். எஞ்சினுக்குக் கடைசி இலக்கம் வரை கணக்கு, மனுஷனுக்கு மட்டும் உத்தேசம். எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று ஒவ்வொரு நாளும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நாம் பிரித்துப் பார்க்க வேண்டியது அந்த முடிவுகளைத்தான்.